விலையில்லா இரை
(இராயபுரம் முதல் வல்லூர் அணைக்கட்டு வரை)

வடசென்னை என்றதும் வெளியூரார் மனத்தில் எழுவன புகைபோக்கிகளும், சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய நெடிய லாரிகளும், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுமே. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாய் நீண்டு செல்லும் இந்நிலப்பகுதியில் தொழிற்சாலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, அதன் ஒலிக்கே உறங்கிய தலைமுறைகள் பல. ஆயினும் விடுமுறை நாளின் மாலைப் பொழுதில் இவர்களிற் சிலர் ஒரு மூங்கில் கழியையும், ஒரு கொட்டாங்கச்சி நிறைய மண்புழுவையும் எடுத்துக்கொண்டு வடக்கு நோக்கிப் புறப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். உப்பு நீரைப் பின்னே விட்டு நன்னீரைத் தேடிச் செல்லும் பயணம் அது. அவ்வழியே நாமும் நடந்து பார்க்கலாம், வாருங்கள்.

இராயப்பரின் ஊர்

இராயபுரம் என்னும் பெயருக்குள்ளேயே மீனவர் ஒருவர் இருக்கிறார். நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்த புனித பேதுருவின் ஆலயத்தால் இவ்வூர் அப்பெயரைப் பெற்றது. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படாத காலத்தில், கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலைகளுக்கு நடுவே மசூலாப் படகுகளைச் செலுத்தி, சரக்கையும் பயணிகளையும் கரை சேர்த்தவர்கள் இக்கடற்கரைப் படகோட்டிகள். அவர்களுக்குப் பேதுருவைவிடப் பொருத்தமான பாதுகாவலர் வேறு யார்? 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டதும் இந்த இராயபுரத்திலிருந்துதான்.

பேதுரு வலைகொண்டு மீன் பிடித்தவர். எனினும் அவர் தூண்டில் போட்ட செய்தி ஒன்றும் மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆலய வரி செலுத்த வேண்டிய வேளையில், கடலுக்குச் சென்று தூண்டில் போடுமாறு ஆண்டவர் அவரிடம் கூறுகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் இருக்கும் நாணயம் இருவருக்கான வரிக்கும் போதும் என்பது அவர் வாக்கு. நான்கு நற்செய்திகளிலும் தூண்டில் பேசப்படும் இடம் இது ஒன்றே. முள்ளில் எந்த இரை கோக்கப்பட்டது என்பது அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் தூண்டிலின் இயல்பு அங்கே தெளிவாய் விளங்குகிறது. வலை ஊருக்கு உணவு தேடும். தூண்டில் அன்றைய தேவைக்கு மட்டுமே தேடும்.

இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு நன்கு புலனாகும். டீசலும் பனிக்கட்டியும் வலையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகுகள் பல நாள் கடற்பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. ஒரு படகு கடலில் இறங்குவதற்கே பெரும் முதல் வேண்டும். அந்த முதலுக்குக் கடன் வேண்டும். அதே தெருவில் குடியிருக்கும் ஒரு சுமைத் தொழிலாளிக்கு அந்த முதல் ஏது? அவருடைய வீட்டுக் குழம்புக்கு மீன் வேண்டுமானால், இரண்டே வழிகள்: ஒன்று காசிமேட்டில் விலை கொடுத்து வாங்குவது, மற்றொன்று கொல்லையில் மண்ணைக் கிளறுவது.

உப்புச் சேற்றின் புழு

திருவொற்றியூரைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல, சாலையின் வலப்பக்கம் கடலும், இடப்பக்கம் ஆலைகளின் மதில்களும் தொடர்ந்து வருகின்றன. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய மீனவர் ஊர்களை அடையும்போது எண்ணூர்க் கழிமுகம் கண்முன் விரிகிறது. ஏறத்தாழ 136 கி.மீ. தொலைவு ஓடிவரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலோடு கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் இங்கே வந்து சேருகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்த உவர் நீருக்கு அடியில் கிடக்கும் கரிய சேறுதான் இக்கழிமுகத்தின் உணவுக் களஞ்சியம்.

இச்சேற்றில் வாழும் புழு நம் தோட்டத்து மண்புழு அன்று. உடலின் இருபுறமும் சிறு கால்கள் போன்ற உறுப்புகளும் அவற்றில் மெல்லிய முட்களும் கொண்ட சேற்றுப்புழு அது. இறால் அதைத் தின்னும். கெளிற்று மீன் தின்னும். கரையோரப் பறவைகள் நீண்ட அலகால் துழாவி அதை எடுத்து உண்ணும். கழிமுகத்தில் தூண்டில் போடுவோர்க்கும் அதுவே செலவில்லாத இரை.

இங்கே இருளர் பழங்குடியினர் நீரில் இறங்கி, வலையும் தூண்டிலும் இன்றி, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது வழக்கம். பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் பறி என்னும் ஓலைக் கூடையைப் பற்களால் கவ்விக்கொள்வார்கள். இரு கைகளும் வேலைக்கு வேண்டும் அல்லவா? சேற்றின் மென்மையை விரல் நுனியால் அறிந்தவர்கள் அவர்கள். சேறு நலமாயிருக்கிறதா இல்லையா என்பதை அவர்களுக்கு எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல வேண்டியதில்லை.

விலையில்லாத இந்தப் புழுவுக்கும் ஒரு விலை வந்த கதை உண்டு. இறால் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துத் தரும் நிலையங்கள் தாய் இறால்களுக்குச் சேற்றுப்புழுவை உணவாகக் கொடுக்கின்றன. அதிலுள்ள கொழுப்புச் சத்து சினை வளர்ச்சிக்கு உதவுகிறது. இதனால் பழவேற்காடு முதலிய கழிமுகங்களில் புழு தோண்டி விற்பது ஒரு பிழைப்பாகவே ஆயிற்று. சேற்றை மிகுதியாகத் தோண்டினால் இறாலுக்கு உணவும் இடமும் குறையும் என்று அஞ்சும் மீனவர்கள் இதை எதிர்ப்பதும் உண்டு. தூண்டிற்காரர் எடுக்கும் ஒரு பிடிப் புழுவைச் சேறு தாங்கும். மூட்டை மூட்டையாய் எடுத்தால் தாங்காது.

சேற்றை மூடியவை

ஆயினும் கழிமுகத்தின் சேற்றுக்கு நேர்ந்த பெருந்தீங்கு மண்வெட்டியால் வந்ததன்று. அனல் மின் நிலையங்களின் சாம்பலை நீரோடு கலந்து கொண்டுசெல்லும் குழாய்களிலிருந்து ஆண்டாண்டுக் காலமாய்க் கசிந்த சாம்பல், ஆற்றின் பின்னீர்ப் பகுதியில் படிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் இதுபற்றிய வழக்குகள் நடந்தன. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. எனினும் படிந்த சாம்பல் தானாக எழுந்து போய்விடுமா? சாம்பல் மூடிய அடித்தளம் இறுகிப் போகிறது. மெல்லிய உடலுடைய புழுவுக்கு அங்கே வளை தோண்டவும் மூச்சுவிடவும் இயலாது.

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் புறப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தை அடைந்தது. மீனவர்கள் படகுகளில் நின்றுகொண்டு குவளைகளால் அதை அள்ளிய காட்சியை நாளிதழ்களில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவை போதாவென்று அண்மை ஆண்டுகளில் அயலகச் சிப்பி ஒன்றும் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பரவியிருக்கிறது. மீனவர்கள் அதனைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். தென் அமெரிக்கக் கரையோரங்களுக்கு உரிய இச்சிப்பி, கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரின் வழியே வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது கம்பளம் விரித்தாற்போல் அடித்தளம் முழுவதையும் மூடிக்கொள்கிறது. அதன் அடியில் புழு இல்லை. புழு இல்லாத இடத்தில் இறாலும் நில்லாது. கையால் தடவிப் பிடிப்பவரின் விரல்களை அதன் கூரிய ஓடு கிழித்தும் விடுகிறது.

நன்னீரின் விளிம்பில்

கழிமுகத்தை விட்டு ஆற்றின் எதிர்த்திசையில் மேற்கே ஏறினால், மீஞ்சூருக்கு அருகே வல்லூர் அணைக்கட்டு வருகிறது. மழைக்காலத்தில் இதற்கு மேலே தேங்கும் நீர் நன்னீர். கெண்டை, கெளுத்தி, விரால், ஆரல், பனையேறி ஆகியவற்றோடு, 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் குளங்களையும் தன்வயப்படுத்திக்கொண்ட ஜிலேபிக் கெண்டையும் இத்தகைய நீரில் வாழ்கின்றன. சேற்றுப்புழுவின் ஆட்சி முடிந்து மண்புழுவின் ஆட்சி தொடங்கும் இடம் என்று இதனைச் சொல்லலாம்.

பழந்தமிழில் நாங்கூழ் என்றும், சித்த மருத்துவத்தில் பூநாகம் என்றும் பெயர் பெற்ற உயிர் இது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கரையில் அமர்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, எதற்காக மண்புழு? மாவு உருண்டை போதாதா?" என்று கேட்டோம். மிதப்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே, "மாவு தண்ணியில கரைஞ்சிடும் தம்பி. புழு கரையாது, நெளியும். காசும் இல்ல" என்றார்.

அவர் மூன்று சொற்றொடரில் சொன்னதை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. முள்ளில் கோத்த புழுவின் உடலிலிருந்து கசியும் சாறு நீரில் பரவுகிறது. கலங்கிய நீரில் கண்ணால் காண இயலாத கெளுத்தி, தன் மீசைகளால் அந்தச் சுவையை உணர்ந்து தேடி வருகிறது. தெளிந்த நீரில் கெண்டையை இழுப்பது புழுவின் நெளிவு. மணமும் அசைவும் ஒருங்கே அமைந்த இரை வேறொன்று இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

எடுப்பதும் கோப்பதும்

குளியலறை நீர் பாயும் வாழையடி, மாட்டுக் கொட்டகையின் பழைய எருக்குவியல், இலை மக்கிய மரத்தடி ஆகியவையே புழு கிடைக்கும் இடங்கள். உச்சி வெயிலில் தோண்டிப் பயனில்லை. புழு ஆழத்துக்குப் போய்விடும். காலையிலோ, மழை ஓய்ந்த பின்போ தோண்ட வேண்டும். மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரமான தோலாலேயே அது மூச்சுவிடுகிறது. ஆகவே தோல் உலர்ந்தால் அது இறந்துபோகும். கொட்டாங்கச்சியில் எடுத்த மண்ணையே ஈரமாக இட்டு, மேலே ஓர் இலையை மூடி, நிழலில் வைத்தால் மாலை வரை உயிரோடிருக்கும்.

சிறு கெண்டைக்கும் ஜிலேபிக்கும் அரைப் புழு போதும். கெளுத்திக்கும் ஆரலுக்கும் முழுப் புழு வேண்டும். முள்ளின் கூர் வெளியே தெரியாதவாறு கோத்து, வால் நுனியை மட்டும் நெளிய விடவேண்டும். கெண்டைக்கு இரை நடுநீரில் நிற்க வேண்டும். கெளுத்திக்கும் ஆரலுக்கும் தரையைத் தொட வேண்டும். மிதப்பை மேலும் கீழும் நகர்த்தி இதைச் சரிசெய்துகொள்ளலாம். கெளுத்தி கதிரவன் சாய்ந்த பின்னரே நன்றாய்க் கடிக்கும். அதனைக் கழற்றும்போது எச்சரிக்கை தேவை: மார்பின் இருபுறமும் முதுகிலும் உள்ள முள் குத்தினால் கடுகடுக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தினால் வலி தணியும். வீக்கம் தணியாவிடில் மருத்துவரிடம் செல்வதே முறை.

முற்றமில்லாத வீடுகளிற் குடியிருப்போர் என்ன செய்வது? அகன்ற பழைய மண்தொட்டி ஒன்றின் அடியில் துளையிட்டு, உடைந்த செங்கல்லைப் பரப்பி, அதன் மேல் மணலும், அதன் மேல் தோட்ட மண்ணும், எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த சாணமும் சருகும் இடுங்கள். நாளும் சிறிது நீர் தெளித்து, ஈரச் சாக்கினால் மூடி நிழலில் வையுங்கள். காய்கறித் தோலைப் போடலாம்; உப்பும் எண்ணெயும் எலுமிச்சையும் கூடா. தூண்டிலுக்கு இரையும் கிடைக்கும், மல்லிகைத் தொட்டிக்கு எருவும் கிடைக்கும்.

அறிஞர் டார்வின் தம் இறுதிக் காலத்தில், 1881ஆம் ஆண்டு, வெளியிட்ட நூல் மண்புழுக்களைப் பற்றியதே. இந்த எளிய உயிர் நிலத்தின் மேற்பரப்பையே புரட்டிப் புதுப்பிக்கிறது என்று அவர் நிறுவினார். நம் சென்னையிலும் புதுக் கல்லூரியின் பேராசிரியராயிருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணுக்கே உரிய புழு வகைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, உழவர்க்குப் பயன்படச் செய்தார்.

மிஞ்சிய புழுவை என்ன செய்வது?

பொழுது சாய்ந்ததும் மிஞ்சிய புழுவை ஆற்றிலோ கரையிலோ கொட்டிவிட்டு எழுவது பலரின் வழக்கம். இது சிறிய செயலாகத் தோன்றலாம். வட அமெரிக்காவில் பேரேரிகளைச் சூழ்ந்த காடுகளில் பனியூழிக்குப் பின் மண்புழுவே இல்லாதிருந்தது. குடியேறியவர்களோடும், பிற்காலத்தில் தூண்டிற்காரர் ஏரிக்கரையில் கொட்டிய மிச்ச இரையோடும் அயற்புழுக்கள் அங்கே நுழைந்தன. அவை காட்டின் தரையை மூடியிருந்த சருகுப் படுகையையே தின்று தீர்த்து, அதனை நம்பி முளைக்கும் செடிகளையும் குறைத்துவிட்டன. உழவனுக்கு நண்பனான உயிர், இடம் மாறியதால் காட்டுக்குத் தொல்லையாயிற்று.

நம் நாட்டுக்கு உரிய புழுக்கள் இருந்தாலும், எருவுக்காக விற்கப்படும் புழுக்களிற் பல ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை. ஆகவே எடுத்த மண்ணிலேயே மிச்சத்தைத் திரும்ப விடுவது நன்று. ஓரிடத்தில் தோண்டிய குழியை மூடிவிட்டு, அடுத்த முறை வேறோரிடத்தில் தோண்டுவதும் நன்று.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்ட ஏரிகளில் அனுமதி பெறாமல் தூண்டில் போடலாகாது. பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரி நீர் திறக்கப்படும் நாட்களில் ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். அந்நாட்களில் அணைக்கட்டின் பக்கம் பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

மண் உயிரோடிருக்கும் வரை

சூதாட்டத்தின் வெற்றியைத் தூண்டில் இரையை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஊதியம் என்று நினைத்து விழுங்கியது உயிருக்கே கேடாகிறது என்பது கருத்து. எண்ணூர்க் கரையில் நின்றால் அந்த உவமை நமக்கு வேறு விதமாகவும் பொருள்படுகிறது. வேலையும் மின்சாரமும் இரையாக நம் முன் வைக்கப்பட்டன. அவற்றை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. இப்பகுதியின் எத்தனையோ பிள்ளைகள் அந்த ஊதியத்தில்தான் படித்து ஆளானார்கள். ஆனால் இரைக்குள் முள் இருந்ததைக் கவனிக்கத் தவறினோமா என்று கேட்காமல் இருப்பதும் இயலாது.

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல் நீர் உள்ளே புகுந்தது, கிணறுகள் உவர்த்தன. உவர் மண்ணில் மண்புழு வாழாது. கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் சிப்பியும் சேற்றை மூடின. ஏழையின் கைக்கெட்டும் விலையில்லா இரை இரு பக்கமும் சுருங்கி வருகிறது. இது தூண்டிற்காரரின் பொழுதுபோக்குக்கு வந்த இடையூறு மட்டுமன்று. இன்று புழு இல்லாத மண்ணில் நாளை மீனும் இல்லை, கீரையும் இல்லை. செல்வருக்குக் காசிமேட்டிலும் கடையிலும் மீன் கிடைக்கும். கொல்லை மண்ணையும் கழிமுகச் சேற்றையும் நம்பியவர்க்கு வேறு கடை இல்லை.

ஆகவே அடுத்த மழை ஓய்ந்ததும், உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், வீட்டின் பின்புறத்திலோ கோயில் வளாகத்து மரத்தடியிலோ ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பாருங்கள். அங்கே ஒரு புழு நெளியுமானால் அந்த மண் இன்னும் உயிரோடிருக்கிறது என்று அறியுங்கள். அங்கே குப்பையை எரிக்காமல், சருகை அள்ளி எறியாமல், சிமெண்டு பூசி மூடாமல் காத்துக்கொள்ளுங்கள். புழு எதுவும் தென்படாவிடில், கொஞ்சம் சருகும் சாணமும் நீரும் இட்டுப் பொறுத்திருங்கள். அழைப்பில்லாமலே அது வந்து சேரும்.